ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு கைப்பிடி

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசமாக இருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்டுக் கொட்டகையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தரையிலிருந்து நாலடி உயரத்தில் பனஞ்சட்டங்களை வரிசையாக அடித்துப் பரண் போட்டிருக்கிறோம். ஆடுகள் ஏறி இறங்க ஒரு சாய்வுப் பலகை. பலகையின் வலப்பக்கம், இடுப்பு உயரத்துக்கும் கீழாக, ஒரு மூங்கில் கைப்பிடி. "ஆட்டுக்கு எதுக்குங்க கைப்பிடி?" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அது என் மாமியாருக்காக வைத்தது. மாமனார் இறந்த பிறகு அவர் காடாம்புலியூர் வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டு பெட்டை ஆடுகளோடும் ஒரு கட்டுப் பலாத்தழையோடும் சிதம்பரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மருமகன் எதிரில் நிற்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர். நான் வாசலில் நுழைந்தால் அவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். எனக்கோ பிறவியிலேயே கூச்சம். என் மனைவி இருந்தால் அவள் வழியாகப் பேச்சு நடக்கும். அவள் ஓட்டல் வேலைக்கு பஸ் ஏறிவிட்டால் வீட்டில் ஆடு கத்துவதுதான் சத்தம். மழைக்காலத்தில் எனக்குக் கொத்து வேலை இருக்காது. ஆகவே அந்த மௌனத்தில் நானும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

காடாம்புலியூர் செம்மண் பூமி. மழை விட்டதும் தரை காய்ந்துவிடும். எங்களுடையது களிமண். ஐப்பசியில் நனைந்தால் தை வரைக்கும் ஈரம் போகாது. முதல் மழையிலேயே அந்த ஆடுகள் ஈன்ற மூன்று குட்டிகள் சளி பிடித்துச் செத்தன. மூன்றாவது குட்டியை அவர் மடியைவிட்டு இறக்கவே இல்லை. அன்று சாயங்காலம் அடுக்களையில் மகளிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "பொங்கல் முடிஞ்சதும் நான் ஊருக்கே போயிடறேண்டி. பொண்ணு வீட்டுல எத்தினி நாளைக்கு ஒக்காந்து சோறு துன்றது? இருங்கன்னு அவுங்க ஒரு வார்த்த சொன்னாங்களா?"

அவுங்க என்றது என்னை. நான் சொல்லவில்லை என்பது உண்மைதான். நேராகப் பேசினால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன்; அவரோ எனக்கு விருப்பமில்லை என்று நினைத்திருக்கிறார். மறுநாள் காலையில் வாய் வரவில்லை. சவுக்குக் கம்பு வாங்கிவந்து பரணுக்குக் கால் நட ஆரம்பித்தேன்.

சட்டம் அடிக்கும்போது அவர் செவலை ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே அதனிடம் சொன்னார்: "ஏண்டி செவல, இவ்ளோ சந்து உட்டா உன் குட்டி கால் மாட்டிக்காதா? வெரல் கனம் போதும்னு சொல்லு." நான் ஆட்டைப் பார்த்து, "சரி செவல" என்றேன். அப்படித்தான் நாங்கள் பேசத் தொடங்கினோம். டீ ஆறுகிறது என்பதும் செவலை வழியாகத்தான் எனக்கு வரும். ஒருநாள் அவரிடம் ஆணிப் பொட்டலம் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. செவலை மேய்ச்சலிலிருந்து திரும்பும்வரை காத்திருந்தேன்.

அவருக்கு முட்டி வலி. அதனால் பரண் வேலையின் கடைசி நாளில் கைப்பிடி வைத்தேன். அவர் அதைப் பிடித்து ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குக் கை மொளைக்கப் போவுதாடி?" என்று செவலையைக் கேட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனாலும் ஊருக்குப் போகும் பேச்சை விடவில்லை. கைப்பிடி ஒரு வார்த்தைக்கு ஈடாகாது போலிருக்கிறது.

ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வந்த டாக்டர் பரணையும் செவலையையும் பார்த்துவிட்டு, தை மாதம் கடலூரில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிப் போட்டிக்கு அதைக் கூட்டிவரச் சொன்னார். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் ஆட்டோடு ஒரு சின்ன வண்டியில் போனோம். மாமியார் மடியில் துணிப்பை இருந்தது. கண்காட்சி முடிந்ததும் அங்கிருந்தே பண்ருட்டி பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவதாக மகளிடம் சொல்லியிருந்தார். தரை காய்ந்துவிட்டது, ஆடுகள் இங்கேயே இருக்கட்டுமாம்.

மைதானத்தில் ஈரத் துணியால் செவலையின் முடியைத் துடைத்து, கொம்புக்கு நல்லெண்ணெய் பூசினார். நடுவர் நோட்டோடு வந்து நின்றார்.

"ஆடு யாருது?"

மாமியார் ஆட்டைப் பார்த்தார். நானும் ஆட்டைப் பார்த்தேன். செவலை தழை மென்றுகொண்டிருந்தது.

"யாராவது வாயத் தொறங்கப்பா. ஆடா சொல்லும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தனவோ தெரியவில்லை. "எங்க அத்தையோடதுங்க. கொட்டாய் போட்டதுதான் நானு. அவுங்க ஊருக்குப் போறேங்குறாங்க. போவக் கூடாதுங்க. அவுங்க இல்லன்னா எங்களுக்கு அது வீடாவே இருக்காது. எங்களோடவே இருக்கணும்."

நடுவர் பேனாவை எடுத்தபடியே நின்றார். "நான் யாரு ஆடுன்னுதானப்பா கேட்டேன்."

மாமியார் செவலையின் காதை வருடினார். "கேட்டுக்கிட்டியாடி? இத கார்த்திகையிலியே சொன்னா என்னவாம்?"

மூன்றாம் பரிசாக ஒரு எவர்சில்வர் வாளி கொடுத்தார்கள். அவர் துணிப்பையை அந்த வாளிக்குள் வைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எட்டு மழைக்காலம் எங்களோடு இருந்தார். கடைசிவரைக்கும் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. முட்டி முடியாமல் போன கடைசி வருடத்தில், கீழே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பரணில் ஆடுகள் படுத்துவிட்டனவா என்று பார்ப்பார்.

அவர் போய் மூன்று வருடமாகிறது. இந்த மழையில் மூங்கில் உளுத்துவிட்டது. நேற்று புது மூங்கில் வெட்டி, அதே உயரத்தில் வைத்துக் கட்டினேன். எனக்குக் குனிந்துதான் பிடிக்க வேண்டும். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செவலையின் பேத்தி ஒன்று வந்து மூங்கிலை முகர்ந்தது. "கைப்பிடி மாத்தியாச்சுன்னு அவுங்ககிட்ட சொல்லு" என்றேன்.

எழுதி முடித்த நாள்: ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை. வெளியே மழை.