மூன்றடி என்று எழுதிய ஞாயிறு

எங்கள் ஊரில் ஓடுவது ஓர் ஆறல்ல, இரண்டு. வடக்கு மலையிலிருந்து வருவது குளிர்ந்தது, அவசரக்காரி. கிழக்கே சமவெளியெல்லாம் சுற்றிவிட்டு வருவது கலங்கியது, சோம்பேறி. பாலத்துக்கு ஒரு மைல் மேலே இரண்டும் சேர்கின்றன. அந்தக் காலத்தில் மலையில் வெட்டிய மரங்களைக் கட்டி இதில்தான் மிதக்க விட்டார்களாம். பிறகு மாவு மில் வந்தது. மில்லுக்காகக் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் வந்தது. மில் போனது, சுவர் மட்டும் பாதி உடைந்து நிற்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் ரப்பர் படகில் ஏறிக் கூச்சல் போட ஜனம் வருகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மட்டக்காரர். ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. பாலத்தடியில் அடியும் அங்குலமும் குறித்த இரும்புப் பலகை இருக்கிறது. நாற்பத்து மூன்று படி இறங்கி, காலையில் அதைப் பார்த்து, ஆற்று அலுவலகத்துக்குப் போன் செய்வார். போனை எடுப்பது நான். அவர் சொல்லும் எண்ணைப் படகுத்துறையில் சாக்பீஸால் எழுதிப் போடுவதும் நான். நான்கடிக்கு மேல் போனால் அன்று படகு கிடையாது. அதற்கு மேல் உடைந்த சுவர் நீருக்குள் மறைந்துவிடும். பார்க்க வழவழப்பாக இருக்கும். சுவரைத் தாண்டியதும் தண்ணீர் உருண்டுகொண்டே இருக்கும், விழுந்ததை லேசில் விடாது.

இருபத்திரண்டு வருடம் இந்த வேலை. ஊரில் இரண்டு பேர் ஆற்றைப் பற்றிச் சண்டை போட்டால் மூன்றாவதாக அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த வருடம் வெள்ளம் எந்தக் கடை வாசல்வரை வந்தது என்று தேதியோடு சொல்வார். எனக்கு அவர்மேல் மரியாதை. அந்த மரியாதைதான் என் வாயை அடைத்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், அது முழு உண்மை இல்லை.

அவர் படி இறங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். பாலத்தடியிலிருந்து பேசினால் தண்ணீர் இரைச்சல் கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது பாத்திரம் கழுவும் சத்தம். ஒருநாள் மூடுபனி. "கொஞ்சம் இரும்மா, பனி விலகட்டும், ஒண்ணும் தெரியல" என்றார். பலகையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மனிதருக்குப் பனி என்ன செய்யும்? நான் "சரிண்ணே" என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பிற்பாடுதான் முழுக் கதையும் தெரிந்தது. முட்டி வலி. அவர் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பாலத்துத் தூணில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். பட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் எத்தனை வரிசைக் கல் தெரிகிறது என்று எண்ணி மட்டத்தைச் சொல்லிவிடுவார். நான்கு வருடம் ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை. பிறகு ஒரு வாரம் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் பட்டையை ஒன்றரை அடி மேலே தள்ளி அடித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதை ஒரு மனிதர் அளவுகோலாக வைத்திருப்பார் என்று யார் கண்டது?

அந்த வாரம் சனிக்கிழமை மலையில் மழை. ஞாயிறு காலை ஆறு நான்கரை அடி. அவர் எண்ணியதில் மூன்றுதான் வந்தது. மூன்று என்றார். மூன்று என்று எழுதினேன், அழகாக, சுழித்து.

படகோட்டி அவருடைய தங்கை கணவன். அன்று அவன் படகில் பள்ளி ஆசிரியர்கள் நான்கு பேர். சுவரருகே படகு கவிழ்ந்தது. மூன்று பேர் கரைக்கு ஒதுங்கிவிட்டார்கள். நான்காவது, ஓவிய ஆசிரியை. அவரைத் தண்ணீர் சுவரில் இரண்டு முறை அடித்தது. படகோட்டி இழுத்து வெளியே போட்டபோது வலது தோள் நொறுங்கியிருந்தது. இனி அந்தக் கை கரும்பலகை உயரத்துக்கு எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? படகோட்டி குடித்திருந்தான் என்றது ஒரு வாய், தூங்கினான் என்றது இன்னொரு வாய். அவன் உரிமத்தைப் பிடுங்கினார்கள். பத்து நாள் கழித்து எங்கள் அலுவலக மாடியில் விசாரணை.

"என் தப்புதான் சார்" என்றான் அவன், எடுத்த எடுப்பிலேயே.

"ஆறு பெருகி ஓடுறது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் அதிகாரி.

"தெரிஞ்சுது சார். ஆனா மச்சான் மூணடின்னு சொல்லிட்டாரே. சரி, நம்ம கண்ணுதான் ஏமாத்துதுன்னு நெனச்சேன்."

மட்டக்காரர் எழுந்தார். அதுவரை ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருந்த மனிதர், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

"மாப்ளே, நீ உக்காரு. நான் இறங்கவே இல்ல சார். நாலு வருஷமா இறங்கல. ஜன்னல்ல இருந்து பாத்துத்தான் சொன்னேன்."

படகோட்டி அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புரியாத மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தினம் போன் எடுக்கிறவங்க நீங்க. எப்பவாவது சந்தேகம் வந்திருக்கா?"

"இல்லைங்க சார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறைந்தும் போனது, ஏனென்றால் மறைக்க மட்டக்காரரே உதவினார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாது சார்" என்றார். அந்த ஒரு பார்வையிலேயே, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கு விளங்கிவிட்டது. வெட்கத்தில் காது மடல் சுட்டது, இதை எழுதும்போதும் சுடுகிறது.

இரண்டு மாதத்தில் படகோட்டிக்கு உரிமம் திரும்பி வந்தது. மட்டக்காரருக்கு ஒரு வருட ஊதிய உயர்வு போனது. வேலை போகவில்லை. ஓவிய ஆசிரியை வேறு பள்ளிக்குப் போய்விட்டாராம். பாடம் என்ன எடுக்கிறார் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடக் கடைசியில் பதவி உயர்வுகூட வந்தது.

மட்டக்காரர் இப்போது கைத்தடியோடு படி இறங்குகிறார். போனில் தண்ணீர் இரைச்சல் கேட்கிறது. அவருக்குப் பக்கத்தில் படகோட்டியும் நிற்கிறான். தினமும் வந்து, மச்சான் படித்துச் சொன்ன பிறகு, குனிந்து பலகையைத் தானும் ஒருமுறை பார்க்கிறான்.

"மூணே கால் அடிம்மா" என்பார் அவர். கொஞ்சம் நிறுத்துவார். "மாப்பிள்ளையும் பாத்துட்டாரு. எழுதிக்கோ."

"சரிண்ணே" என்கிறேன். எழுதுகிறேன்.