சம்மதம் கேட்கும் மோட்டார்

சின்னவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பாத்திரம் உருளாது, கதவு அறையாது. வாயை மூடிக்கொண்டு கையில் கிடைத்த ஏதாவது ஒரு சாமானைக் கழற்ற ஆரம்பித்துவிடுவாள். கல்யாணமான புதிதில் மாமியார் ஏதோ ஒரு சொல் சொல்லிவிட்டார் என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைத் திருகு திருகாகக் கழற்றிப் பேப்பரில் பரப்பி, துடைத்து, திரும்ப மாட்டி வைத்தாள். மிக்ஸி அதற்கப்புறம் முன்னைவிட ஜோராக ஓடியது. மாமியார்தான் கண்ணை மூடும்வரை அவளிடம் கொஞ்சம் அளந்தே பேசினார்.

கண்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வயரிங் வேலை. கொண்டையில் டெஸ்டரைச் செருகியபடி நாள் முழுக்க நின்றுகொண்டே ஒயர் சீவுவாள். ஒரு பேனலை அவள் முடித்தால் உள்ளே ஒயர்கள் தலைவாரிப் பின்னினாற்போல இருக்கும். சம்பளம் சுமார்தான். அதைவிட, 'இது யார் போட்டது?' என்று யாராவது கதவைத் திறந்து பார்த்துக் கேட்பது அவளுக்குப் பிடிக்கும். புருஷன் லாரி ஓட்டுபவன், பாதி நாள் ரோட்டில். அப்பா இல்லாத வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் என்பதால், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷனான அம்மாவைத் தன்னோடேயே மாடியில் வைத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டில் இருப்பது புருஷனின் அண்ணனும் அவர் பெண்டாட்டியும். அந்தப் பெண்டாட்டிதான் பெரியவள். ஓரகத்திகளுக்குள் ஒத்துப்போகாதது ஊர் உலகத்தில் புதிதில்லை. இந்த வீட்டில் அது தண்ணீரில் வந்து நின்றது. வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ரூம், மொட்டை மாடியில் வீட்டுக்கொன்றாக இரண்டு தொட்டி, அடியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே மோட்டார்; எந்தத் தொட்டிக்கு ஏற்றுவது என்று வால்வைத் திருப்பிவிட வேண்டும். அதன் சுவிட்ச் பெரியவளின் சமையலறைச் சுவரில் இருந்தது. வீடு கட்டியபோது யாரும் யோசிக்காமல் செய்த காரியம். பெரியவள் மட்டும் நன்றாக யோசித்து அதைப் பயன்படுத்திக்கொண்டாள்.

மாடிக்குத் தண்ணீர் வேண்டுமானால் படியில் இறங்கி வந்து, சமையலறை வாசலில் நின்று, "அக்கா, மோட்டார் போடுங்கக்கா" என்று கேட்க வேண்டும். பெரியவள் உடனே திரும்ப மாட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கேட்டா தரமாட்டேன்னா சொல்றேன்?" என்பாள். இத்தனை வருஷமாக அந்த ஒரே வாக்கியம். தண்ணீர் வந்துவிடும். தொண்டையில்தான் இறங்காது.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்குத்தான் விஷயம் கைமீறியது. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் அம்மாவுக்கு வயிறு போய்விட்டது. படுக்கை, துணி, கால் எல்லாம் நாறிப்போயிற்று. குழாயைத் திறந்தால் காற்று சீறியது; தெருமுனைக் குழாயிலும் அன்றைக்குத் தண்ணீர் விடவில்லை. சின்னவள் விழுந்தடித்து ஓடிவந்து நின்றாள்.

"இப்பதான் என் தொட்டி ரொம்பிச்சு. மோட்டார் சூடா இருக்கு, ஆறட்டும்" என்றாள் பெரியவள்.

"அம்மாவுக்கு வயிறு போயிடுச்சுக்கா. துடைக்கக்கூட ஒரு சொட்டு தண்ணி இல்ல."

"கேட்டதும் குடுக்கணும்னா அதுக்கும் ஒரு நேரம் காலம் இல்லையா? மோட்டார் காயில் எரிஞ்சா உங்கம்மாவா வந்து கட்டித் தருவாங்க?"

மோட்டார் ஆற சாயங்காலமாயிற்று. அதுவரை அம்மா அந்த ஈரத்திலேயே கிடந்தாள். அழவில்லை, முனகவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தத் திரும்பிய முகத்தைப் பார்த்தபடி சின்னவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பெரியவள் தன்னிடம் தண்ணீர் கேட்க வேண்டும். வாயால் கேட்காவிட்டாலும் கையால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சமயம் தானாக வந்தது. பெரியவள் போனில் யாரிடமோ பேச்சு சுவாரசியத்தில் மோட்டாரை மறந்துவிட, நிஜமாகவே காயில் கருகியது. செலவுக் கணக்கில் வயிறெரிந்த அவள் புருஷன் மாடியேறி வந்தார். "நீ கம்பெனியில என்னென்னமோ செய்யறியாமே. இதுக்கு ஒரு வழி பண்ணு தாயி" என்றார். பாவம், நல்ல மனுஷன். எந்தப் பாம்புப் புற்றில் கை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

சின்னவள் வழி பண்ணினாள். கம்பெனியில் பேனல்களைச் சோதித்துப் பார்க்க, சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டி போர்டு வைத்திருந்தார்கள். ஒற்றைப் பலகையிலேயே முழுக் கம்ப்யூட்டர். லேன் கேபிளைச் செருகி, பிரௌசரில் அதன் அட்ரஸைத் தட்டினால் ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்திலுள்ள பட்டனை அழுத்தினால் இங்கே ரிலே சுவிட்ச் 'டக்' என்று விழும். சோதனைப் பிரிவு அண்ணனிடம் கேட்டுக் கேட்டு ஒரு மாதத்தில் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள். வீட்டில் மோட்டார் ரூம் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி அடித்தாள். அதற்குள் போர்டு, ரிலே, மோட்டாருக்குக் கரண்டை விடும் காண்டாக்டர். இரண்டு தொட்டிக் குழாய்க்கும் கரண்டில் திறக்கும் வால்வு. மாடியிலிருந்த ரௌட்டரிலிருந்து லேன் கேபிளை ஜன்னல் வழியாக இறக்கி, மழை படாமல் குழாய்க்குள் விட்டு, போர்டுக்குக் கொடுத்தாள். போர்டில் பச்சை விளக்கு சிமிட்டியது.

முதல் சோதனையின்போது பெரியவளும் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். சின்னவள் போனில் 'நிறுத்து' என்பதை அழுத்த, மோட்டார் ஓட ஆரம்பித்தது. 'ஓட்டு' என்றால் நின்றது. பெரியவள் சிரித்த சிரிப்பில் மோட்டார் ரூமே அதிர்ந்தது. "ரொம்ப நல்லா இருக்குடி. இனிமே தண்ணி வேண்டாம்னா தண்ணி வரும்!"

அந்த ரிலே, சிக்னல் நின்றால்தான் ஒட்டிக்கொண்டு கரண்டை விடும் ஜாதி. புரோகிராமில் ஒரு வரியைத் தலைகீழாக்கினால் தீர்ந்தது. சின்னவள் அங்கேயே நின்று திருத்தினாள். சிரிப்பையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டாள்.

பிறகு இருவர் போனையும் மாடி வைஃபையில் சேர்த்து, அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். சின்னவள் போனில் எல்லாப் பட்டனும் உண்டு. பெரியவள் போனில் ஒன்றே ஒன்று: 'தண்ணீர் வேண்டும்'. அதை அழுத்தினால் அவள் திரையில் 'காத்திருக்கவும்' என்று வரும், சின்னவள் திரையில் சிவப்பு விளக்கு எரியும். சின்னவள் 'சம்மதம்' என்று தட்டினால்தான் மோட்டார் ஓடும்.

"எதுக்குத் தாயி இந்தச் சம்மதம்?" என்று பெரியவளின் புருஷன் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுத்தினா வால்வு குழம்பிடும் மாமா. யாராவது ஒருத்தர் பாத்து விடணும்."

முழுப்பொய். குழம்பாமல் இருக்க வேறு வழிகள் அவளுக்கே தெரியும். அவர் தலையாட்டினார். பெரியவள் ஆட்டவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. சமையலறைச் சுவரில் சுவிட்ச் இருந்த இடத்தில் சின்னவள் ஒரு வெற்று மூடியை வைத்துத் திருகினாள். கடைசித் திருகை நிதானமாக, ரசித்து முறுக்கினாள். பெட்டிச் சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று.

சோதனைப் பிரிவு அண்ணன் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். "இது உங்க வீட்டு நெட்வொர்க்குல மட்டும்தாம்மா திறக்கும். வெளியில இருந்து திறக்கணும்னா அதுக்குத் தனியா ஏற்பாடு பண்ணணும்."

"வேணாம்ணே. நான் வீட்டுல இருக்கறப்ப கேட்டா போதும். அந்த மூஞ்சிய நேர்ல பாக்கணும்."

பெரியவள் லேசுப்பட்டவளா? அந்தப் பட்டன் பக்கமே போகவில்லை. தொட்டி காய்ந்ததும் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்க ஆரம்பித்தாள். புருஷன் ஒருநாள் அவள் போனை எடுக்கப் போக, "அதுல கை வெச்சீங்க, அப்புறம் இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க" என்றாள். அந்த மனுஷன் வேலை பார்க்கும் பஸ் டிப்போவிலேயே குளித்துவிட்டு வர ஆரம்பித்தார்.

காலையில் மாடி ஜன்னலில் நின்று காபி குடித்தபடி சின்னவள் அதைப் பார்ப்பாள். குடம் இடுப்பிலிருந்து நழுவ நழுவ, மூச்சு வாங்க, பெரியவள் வாசலைத் தாண்டுவாள். நிமிர்ந்து பார்க்க மாட்டாள். சின்னவளுக்கு வயிறு குளிர்ந்து போகும். இது தப்பு என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றியதில்லை. அம்மா மட்டும் வாக்கரைப் பிடித்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போதும்டி" என்றாள்.

"நீ கிடந்தியேம்மா சாயங்காலம் வரைக்கும்."

"கிடந்தது நான்தானே? நானே போதுங்கறேன்."

"உனக்குப் போதும். எனக்குப் பத்தல."

அன்றைக்குக் கம்பெனியில் ஒரு பெரிய பேனல் அனுப்பும் அவசரம். போனெல்லாம் வழக்கம்போல லாக்கரில். டீ இடைவேளையில் எடுத்துப் பார்த்தாள். பெரியவளிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். சின்னவளுக்கு ஒரு கணம் நம்ப முடியவில்லை. பிறகு நெஞ்சு நிறைந்தது. விழுந்துட்டா! பட்டனை அழுத்தியிருக்கிறாள், காத்திருக்கிறாள், தாங்காமல் போனும் போட்டுவிட்டாள். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கும் ஆசையில் பக்கத்தைத் திறந்தாள். அது சுற்றிச் சுற்றி நின்றது, திறக்கவில்லை. வீட்டுக்கு வெளியே திறக்காதே என்று அப்புறம்தான் உறைத்தது. போகட்டும். திரும்பக் கூப்பிடலாமா என்று விரல் போயிற்று. மோட்டார் சூடா இருக்கு, ஆறட்டும், என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் சிரித்துக்கொண்டே போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். டீ அன்றைக்கு அத்தனை ருசியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாடிப்படி முழுக்க ஈரம். கைப்பிடிச் சுவரோரம் பெரியவளின் குடம். உள்ளே அம்மா சுத்தமான துணியில், தலை துவட்டி, படுக்கையில் சாய்ந்திருந்தாள். முழங்கையில் கட்டு. பக்கத்து நாற்காலியில் பெரியவள். புடவை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது, கால்களை நீட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாதான் சொன்னாள். பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு நின்றபோது தலை சுற்றியது. விழுந்தாள். எழ முடியவில்லை, குழாயை எட்டவும் முடியவில்லை. தொட்டி மொத்தமும் ஓடித் தீர்ந்தது. பயத்தில் எல்லாம் கீழேயே போய்விட்டது. கத்தினாள். குரல் கேட்டுப் பெரியவள் ஏறி வந்தாள்.

"பட்டன அழுத்தினேன்" என்றாள் பெரியவள். குரலில் சூடே இல்லை. "அழுத்தினேன், அழுத்தினேன், காத்திருக்கவும்னு வந்துச்சு. பெட்டிய உடைக்கலாம்னு பாத்தேன். நல்லா பூட்டியிருக்க. உனக்குப் போன் போட்டேன்."

சின்னவளின் கையிலிருந்த போன் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்ள, பக்கம் தானாகத் திறந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எத்தனை நாள் கனவு கண்ட விளக்கு.

"அக்கா..." என்றாள். கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினாள். "இத நீங்க வெச்சுக்குங்கக்கா. சுவிட்சையும் பழைய இடத்துலயே போட்டுத் தர்றேன்."

பெரியவள் சாவியைப் பார்த்தாள், தொடவில்லை. நாற்காலியின் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள்.

"எதுக்கு? நீ வந்து கும்பிடணும்னு நான் குடம் தூக்கல. அன்னிக்கு நான் செஞ்சது உனக்கு மறக்கலயில்ல? இன்னிக்கு நான் செஞ்சதும் மறக்கக் கூடாது. அதுக்குத்தான் தூக்கினேன்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அந்தப் பட்டன எடுத்துடாத. எனக்கு அது வேணும்."

அன்றே சின்னவள் புரோகிராமில் சம்மதம் கேட்கும் வரிகளை அழித்தாள். பெரியவள் போனில் அந்தப் பட்டனோடு மற்ற எல்லாப் பட்டனும் வந்துவிட்டது. அவள் நேராக மோட்டாரை ஓட்டிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை மாடிப்படியில் கால் தேய்க்கும் சத்தம். பெரியவள் ஒவ்வொரு படியாக முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, வாசலில் நின்றாள். போன் கையில்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"சின்னவளே," என்றாள் பெரியவள், தெருவுக்கே கேட்கும்படி, "தண்ணி போட்டுக்கட்டுமா?"

உள்ளே அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போட்டுக்குங்கக்கா" என்றாள் சின்னவள். அதற்கப்புறம் தினமும் காலையில் அதைச் சொல்கிறாள்.