பால்குட செட்டில் இருந்த பால்

காலை ஏழு பத்து. கடையின் பின்கட்டில் முதலில் கண்ணில் பட்டவை, சிமெண்டுத் தரையில் வரிசையாக நின்ற, மாதக்கணக்கில் கெடாத வகை ஒரு லிட்டர் அட்டைப் பால் பாக்கெட்டுகள். அடுத்தது பஞ்சு. வாசனை அதன் பிறகுதான் வந்தது: நெயில் பாலிஷ் ரிமூவர். சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் இருந்த தேதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லிட்டில் இந்தியாவில் பூஜைச் சாமான் விற்கும் கடை அது. பத்திரிகை வேலை போன பிறகு நான் அங்கே கல்லாவில் இருந்தேன். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தேதிய ஏன் அண்ணே அழிக்கிறீங்க?"

"ரெண்டு மாசம் தாண்டிடுச்சும்மா. முதலாளி சொன்னாரு," என்றார். அவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்.

தேதியே இல்லாத பாலை யார் வாங்குவார்கள் என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த கேள்வி. பதில் அலமாரியில் இருந்தது. பால்குட செட்: மஞ்சள் துணி, விபூதி, ஊதுபத்தி, எலுமிச்சை, ஒரு பாக்கெட் பால். எல்லாம் ஒரே பையில், வாய் கட்டி. வாங்குகிறவர் துணியின் நிறத்தைப் பார்ப்பார். பாலின் தலையைப் பார்ப்பதில்லை.

முதலாளியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"குடிக்கிற பாலா இது? சாமி மேல ஊத்துறது லா. நீ சர்ச்சுக்குப் போற ஆளு, உனக்கு இது புரியாது."

அவர் சொன்னதில் பாதி உண்மை. தைப்பூசக் கூட்டம், போக்குவரத்து, தண்ணீர்ப் பந்தல் எல்லாவற்றையும் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். குடத்தில் போகும் பால் கடைசியில் எங்கே போகிறது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அன்று முதல் செட் வாங்க வந்தவர்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் வந்த ஒரு அம்மா சொன்னார்: "எல்லாத்தையும் ஊத்திட மாட்டோம்மா. அபிஷேகப் பால் கொஞ்சம் போத்தல்ல பிடிச்சி வீட்டுக்குக் கொண்டாருவேன். பேரப்பிள்ளைக்கு ஒரு வாய் குடுத்தாதான் எனக்குத் திருப்தி."

"எல்லாருமா குடிப்பாங்க?"

"என் பக்கத்து வீட்டுக்காரி குடிக்க மாட்டா. காப்பி கலக்கிடுவா!"

இதை முதலாளியிடம் சொன்னேன். "நானா குடிக்கச் சொன்னேன்? கெட்டுப்போனா மூக்கு இல்லையா அவங்களுக்கு?" என்றார். மாலையில் இன்னும் சில செட்டுகள் போயின.

சுகாதார இலாகாவுக்குச் சொல்வது ஒரு தொலைபேசி அழைப்பு. அதை எடை போடுவதுதான் நேரம் பிடித்தது. சர்ச்சுக்குப் போகிற ஒருத்தி தைப்பூசப் பாலைப் பற்றிப் புகார் செய்தாள் என்று அந்தத் தெரு பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அதைத் தாங்கலாம் என்றே தோன்றியது. அண்ணன் விஷயம் வேறு. அவருடைய வேலை பெர்மிட் முதலாளி பெயரில் இருந்தது. மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். ஊரில் மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள்.

சரக்கறையில் அவரே பேச்சை எடுத்தார். "சொல்லத்தான் போறியாம்மா?"

"யோசிக்கிறேன் அண்ணே."

"சொல்லு, வேணாங்கல. நான் லீவுல இருக்கிற நாளாப் பாத்துச் சொல்லு."

"உங்களுக்கு லீவு எப்ப?"

"பூசம் முடிஞ்ச மறுநாள்."

இருவரும் சிரித்தோம். அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "துடைச்சது என் கைதானே. அதிகாரிங்க கேட்டா முதலாளி யாரக் காட்டுவாரு?"

அவர் லீவு வரை காத்திருந்தால் பால் எல்லாம் குடத்தில் ஏறி, போத்தலில் இறங்கி முடிந்திருக்கும். இப்போதே சொன்னால் அவர் பஞ்சும் கையுமாக இருப்பார். என் இடத்தில் இருந்தால் அவர் என்ன செய்வார் என்று அறிய ஆசையாக இருந்தது. கேட்டே விட்டேன்.

"உன் இடத்துல நான் இல்லையேம்மா," என்றார். சுற்றிவளைக்கவில்லை, கோபமும் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெர்ரித் துறைப் பக்கம் நடந்துபோய் அழைத்தேன். எடுத்த அதிகாரி மலாயில் கேள்விகள் கேட்டார். எந்தக் கடை, என்ன பால், யார் அழிக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு, முதலாளி சொல்லித்தான் நடக்கிறது என்று மட்டும் சொன்னேன். என் பெயரைக் கேட்டார், கொடுத்தேன்.

அதிகாரிகள் பூசத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சரக்கறையைத் திறந்து காட்டியவர் அண்ணன்தான். பாக்கெட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போன பிறகு, முதலாளி அண்ணனைப் பார்த்தே கேட்டார்: "யாரு சொன்னது?"

"நான்தான் பாஸ்," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். கோபத்தைவிட ஆச்சரியமே அதிகம். "நீயா? உனக்கென்ன லா வந்துச்சு? நீயா பால்குடம் தூக்கப்போற?"

அன்று மாலையோடு எனக்கு அங்கே வேலை முடிந்தது.

மார்ச்சில் அண்ணனுக்கு முதலாளி பெர்மிட் புதுப்பித்தார்.