ஸ்டெல்லா துவாரகாவுக்குப் போன நாள்

ஸ்டெல்லா இறந்துவிட்ட செய்தியை அவர் மகள் ஜெனிதான் எனக்குப் போனில் சொன்னாள். அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய பயோடேட்டாவைப் படித்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், மம்மி காலைல போயிட்டாங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும், தமிழ் ஃப்ரெண்ட்ஸுக்கும் நீங்களே சொல்லிடுங்க, ப்ளீஸ். எனக்குத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றாள். டில்லியில் பிறந்து வளர்ந்த பெண். சரிம்மா என்று மட்டும் சொன்னேன். சில மாதங்களாகவே ஸ்டெல்லா படுக்கையில்தான் இருந்தார். எதிர்பார்த்த செய்திதான் என்றாலும் கை ஒடிந்தாற்போல ஆகிவிட்டது.

லட்சுமி நகரில் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஏஜென்சியில் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்டெல்லாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். கார்டில் கன்சல்டன்ட் என்று அச்சடித்திருக்கும். உறவினர்கள் வேலை வாங்கிக் கொடுக்கிறவர் என்பார்கள். வேலை கிடைக்காதவர்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது. ஸ்டெல்லாவும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேர்ந்தோம், அடுத்தடுத்த மேஜை. பாளையங்கோட்டைக்காரர், கல்யாணமாகி மயூர் விஹாருக்கு வந்தவர். இத்தனை வருட டில்லி வாசத்தில் இந்தியைச் சேர்த்துக்கொண்டாரே தவிர ஊர்ப் பேச்சை விடவில்லை. நான் டில்லியிலேயே, மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். "நீங்க செய்தி வாசிக்கிற மாதிரில்லா பேசுதீங்க" என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பார்.

எங்கள் தொழிலில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஆள் தேர்வாகிவிட்டால் நாங்களே போன் செய்வோம். தேர்வாகவில்லை என்றால் அவர் செய்கிற போனைக்கூட எடுக்கமாட்டோம். அவராகவே நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஸ்டெல்லா மட்டும் தேறாதவர்களைத்தான் முதலில் அழைப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வேலையை முடித்துவிடுவார். சொல்லிவிட்டு உட்கார்ந்தால்தான் சோறு இறங்கும் என்பார். வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு ஆள் இந்தியில் கிழி கிழியென்று கிழித்ததை, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரணும் ரமேஷ். ஒரு மனுசனைப் போனையே பாத்துக்கிட்டுக் கெடக்க விடப்படாது" என்றார். எங்கள் முதலாளி பாட்டியாஜிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "ஸ்டெல்லாஜி, டைம் வேஸ்ட்" என்பார். இவர் "அச்சா சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரை அழுத்துவார்.

போய்விட்டார் என்பதற்காக அவரைப் புனிதராக்கிவிட நான் தயாராக இல்லை. முன்கோபம் உண்டு. அதைவிட அவசரம். லிஃப்ட் வருவதற்குள் பொத்தானைப் பத்துத் தடவை அழுத்துகிற ரகம். அந்த அவசரம்தான் ஒரு முறை ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைத்தது.

வேறு வேலை தேடுகிறவரை அவர் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு நாங்கள் அழைப்பதில்லை. தலை போகிற அவசரத்தில் அழைத்தாலும் ஏஜென்சி பெயரை வாயில் எடுக்கக் கூடாது. சொந்தக்காரர், பேங்க் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே இதுதான். டில்லியின் மறுகோடியில், துவாரகாவில் குடியிருந்த சிவகுமார் ஒரு கூரியர் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அவருக்கு நல்ல இடமாகப் பார்த்து இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கம்பெனிக்காரர்கள் திடீரென்று, நாளைக்கு வேண்டாம், இன்றைக்கு மாலையே அனுப்புங்கள் என்றார்கள். சிவகுமாரின் செல்போன் அணைந்திருந்தது. ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை; சிவகுமாரின் ஆபீஸ் நம்பரை அழுத்திவிட்டார். எடுத்தவர் சிவகுமாரின் மேலதிகாரி. யார் பேசுவது என்று அவர் கேட்டதும், நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், பெயரையும் ஏஜென்சியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. போனை வைத்துவிட்டு ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு மறக்காது.

சேதி போய்ச் சேராததால் சிவகுமார் இன்டர்வியூவுக்குப் போகவில்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. நீ வெளியே வேலை தேடுகிறாய், எங்களுக்குத் தெரியும் என்று சொல்லி, அந்த வாரமே அவருடைய பழைய ஆபீஸில் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் அவருக்கு. "யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க மேடம். யாருன்னும் எனக்குத் தெரியும்" என்று ஸ்டெல்லாவிடமே போனில் புலம்பினார். ஸ்டெல்லா போனை வைத்துவிட்டு நேராகப் பாட்டியாஜியிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

பாட்டியாஜி அறைக் கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரிடமும் பேசினார். 'பத்தா நஹீ' என்று சொல்லிவிடுங்கள், எப்படி வெளியே போனது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்றார். ஏஜென்சியிலிருந்தே கசிந்தது என்று தெரிந்தால் அப்புறம் எவன் நம்மிடம் வருவான் என்பது அவர் கவலை. நானும் அவர் பக்கம்தான் பேசினேன். சொல்வதால் போன வேலை திரும்பியா வரப்போகிறது என்றேன். ஸ்டெல்லா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "போன்ல சொல்லுத விசயமில்ல இது. நேர்ல போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றார். தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் கிளம்பினேன்.

மெட்ரோவில் துவாரகா போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த சிவகுமாரின் மனைவி எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். ஸ்டெல்லா உட்காரவில்லை. "சார், ஒங்கள யாரும் போட்டுக் குடுக்கல. நான்தான் ஒங்க ஆபீசுக்குப் போன் பண்ணி ஏஜென்சி பேரைச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது" என்றார்.

சிவகுமாரின் குரல் ஏறியது. "உங்களை நம்பித்தானே பயோடேட்டா குடுத்தேன்? இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? உங்க மனசு லேசாகறதுக்கா?"

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர்த் தம்ளர்களோடு வந்து நின்ற அந்த அம்மாள், "நீங்கதானா? நிஜமாவே நீங்கதானா?" என்று இரண்டு முறை கேட்டார். "நான்தாம்மா" என்றார் ஸ்டெல்லா. அந்த அம்மாள் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சிவகுமார் எங்களைப் போகச் சொன்னார். வெளியே வந்தோம்.

திரும்பும் வழியில் ஸ்டெல்லா, "அவரு கேட்டதும் சரிதான். எனக்கொண்ணும் மனசு லேசாகல. ஆனா அவருக்குத் தெரியணும்லா" என்றார்.

அதற்குப் பிறகு சிவகுமார் அவர் போனை எடுக்கவே இல்லை. ஆகவே ஸ்டெல்லா இடம் தேடுவார், நான் பேசுவேன். மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு சிவகுமாருக்காகவே ஸ்டெல்லா அலைந்தார். கடைசியில் குருகிராமில் மருந்து விநியோகம் செய்கிற ஒரு கம்பெனியில் இடம் அமைந்தது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவுதான். சிவகுமார் எனக்கு நன்றி சொன்னார். ஸ்டெல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. ஸ்டெல்லா வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அவ்வப்போது, "அவரு நல்லாருக்காரா?" என்று மட்டும் என்னிடம் விசாரிப்பார். நன்றாக இருக்கிறார் என்பேன்.

நான் ஸ்டெல்லாவைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. ஜெனி காபி கலக்க உள்ளே போயிருந்தாள். "அன்னைக்கு நான் துவாரகாவுக்குப் போகாம இருந்திருக்கலாமோ ரமேஷ்? வேலையும் போயி கெடந்த மனுசன். நான் வேற போய் கோவத்த ஏத்திவிட்டுட்டு வந்துட்டனோ?" என்று கேட்டார். இத்தனை வருடமாக அதை மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சேச்சே, நீங்கள் செய்தது சரிதான் என்றேன். உள்ளுக்குள் எனக்கே அது நிச்சயமில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள், சிவகுமாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிப் போன் செய்தேன். செய்தியைக் கேட்டதும் அவர் அந்த வேலை போன கதையை எடுத்தார்.

"சார், அப்ப எங்க ஆபீஸ்லதான் என் மச்சினனும் இருந்தான். என் வொய்ஃபோட தம்பி. இன்டர்வியூ விஷயம் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன்தான் போட்டுக் கொடுத்தான்னு நெனச்சு, கண்டபடி பேசி எங்க வீட்டுப் பக்கமே வராதேன்னு சொல்லிட்டேன். இவ எங்கிட்ட பேசறதையே நிறுத்திட்டா. மேடம் வந்துட்டுப் போனதுக்கு மறுநாள்தான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். என் பொண்ணு கல்யாணத்துல மாமன் சீர் அவன்தான் சார் செஞ்சான்" என்றார்.

இதை ஸ்டெல்லாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"மொதல்ல கோபம். அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசறதுன்னு வெக்கம். சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்னே இருந்துட்டேன் சார்" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

ஸ்டெல்லாவோடு பழகிய நண்பர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் நினைவாக ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது, அவர் உயிரோடிருக்கும்போது கேட்டிருக்க வேண்டிய இந்தப் பதில்தான். அவரிடம் சொல்ல இனி வழியில்லை. அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். அன்றைக்கு அவர் துவாரகாவுக்குப் போனது சரிதான்.