மரப்பாச்சிக்கு இங்கிலீஷில் என்ன பேர்

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு என் கணவருடைய கம்பெனி மேனேஜரின் மனைவி வரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை. அவள் வெள்ளைக்காரி. சுண்டல் சாப்பிடுவாளா என்பதுகூட இல்லை, பொம்மைகளை இங்கிலீஷில் என்னவென்று சொல்வது?

நமக்கு இதில் குழப்பமே கிடையாது. கர்ப்பக்கிரகத்தில் இருந்தால் விக்கிரகம், மண்டபத் தூணில் இருந்தால் சிலை, கொலுப்படியில் இருந்தால் பொம்மை. இங்கிலீஷில் ஸ்டாச்சூ என்றால் கோட்டைப் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார ராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். ஐடல் என்று இன்னொன்று உண்டு. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் அதை மூக்கைச் சுளிக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை. கல்லைக் கும்பிடுகிற அசடுகள் என்று திட்டுவதுபோலவே இருக்கும். அந்த வார்த்தையை என் வீட்டுக்குள் விடுவதாக இல்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படிகளைப் பார்த்தாள்.

"வாட் லவ்லி ஐடல்ஸ்!"

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நான்தான் விறைத்துக்கொண்டு, "நோ மேடம், டால்ஸ். ஒன்லி டால்ஸ்" என்றேன்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சட்டென்று மேல்படிக்கு எட்டி மரப்பாச்சிப் பெண்ணைக் கையில் எடுத்துக்கொண்டாள். சீமையில் படிக்கும் தன் மகள் பொம்மை என்றால் உயிரை விடுவாளாம், இதை அவளுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். டால் என்று சொன்னால் கேட்கத்தானே செய்வார்கள்!

அது ஜோடி மரப்பாச்சி. கல்யாணத்தில் என் அம்மா கொடுத்தது. அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள். வருஷா வருஷம் மரப்பாச்சிக்குப் புதுத்துணி மாற்றுவார்கள்; நான் மாற்றியதே இல்லை. அம்மா கையால் தைத்த பட்டுப்பாவாடைதான் அன்றும் அதன் இடுப்பில் இருந்தது.

"குடுத்துடேன்டி, வேற வாங்கிண்டா போச்சு" என்று என் காதோரம் முணுமுணுத்தார் என் கணவர். பாவம், ஆபீஸ் பயம். எனக்கு வந்த ஆத்திரத்தில் யோசிக்கவே தோன்றவில்லை.

"சாரி மேடம். தட் ஒன் ஈஸ் ஐடல்."

அவள் பதறிப்போய், இரண்டு கையாலும் பிடித்து, பொம்மையை அதன் ஜோடியின் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள். தொட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு, இது எந்தத் தெய்வம் என்று மெதுவாக விசாரித்தாள்.

ஏதோ ஒரு அம்மன் பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். என் வாயில் வேறு ஒன்றுதான் வந்தது.

"மை மதர்."

சொன்ன பிறகுதான், நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மரப்பாச்சியை யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் அதன்முன் நின்று கைகூப்பினாள்.