பச்சைக் கதவுக்குப் பின்னால்

என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள். தாய்மாமன்கள் இருவரும் சேர்ந்து வந்து சீர்த்தட்டைத் தூக்க வேண்டும். எங்கள் ஜவ்வாது மலையில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் என் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

சண்டை அப்பாவின் சாவில் வந்தது. ஈரல் கெட்டுப் படுத்திருந்த அப்பாவுக்கு இனி ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று ஜமுனாமரத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கெஞ்சுவார். அண்ணன் யாருக்கும் தெரியாமல் சாராயம் கொண்டுவந்து கொடுப்பார். அப்பாவை எடுத்த அன்று, ஊரே கூடியிருந்தபோது, தம்பி அண்ணனைப் பார்த்து, "நீதாண்டா கொன்னுட்ட" என்று கத்தினான். அன்றைக்கு மலையிறங்கியவன்தான். பெங்களூரில் மதுக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான் என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டு அண்ணன் சிரித்தார். "எனக்கு நாயம் சொன்னவன் இப்ப ஊருக்கே ஊத்திக்கினு கீறான்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பகை முறிய ஒரு வழி உண்டு. தண்ணீரோ சாராயமோ, இரண்டு பேரும் ஒரே சொம்பில் குடிக்க வேண்டும். பெரியவன் பாதி குடித்து, மீதியைச் சின்னவன் கையில் கொடுப்பான். அதன் பிறகுதான் இருவரும் ஒரே பாயில் உட்காரலாம். தம்பிக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை. நாமே போகலாம் என்றால் அண்ணன் முறுக்கிக்கொண்டார்.

"பெரியவன் போயி சின்னவன் வாசல்ல நிக்கிறதா?"

"உன் முறுக்கையெல்லாம் என் பொண்ணு கண்ணாலம் முடிஞ்சப்புறம் வெச்சிக்கண்ணா. இப்ப சட்டைய மாட்டு" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் எனக்கு. அண்ணன் சட்டையை மாட்டினார்.

வாணியம்பாடியில் ரயிலேறிப் போனோம். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்த இடத்தில் பழைய பங்களா ஒன்று இருந்தது. முன்பக்கம் பூச்செடி விற்றுக்கொண்டிருந்தார்கள். செடிகளுக்கு நடுவே நடந்து பின்பக்கம் போனால் ஒரு பச்சைக் கதவு. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. தட்டினால் கதவிலிருந்த சின்னத் துவாரம் திறந்தது, ஒரு கண் எங்களைப் பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது. எங்கள் மலையிலும் சாராயத்தை ஒளித்துத்தான் வைப்பார்கள், போலீஸுக்குப் பயந்து புதருக்குள். இங்கே ஊரறிய விற்கக்கூடியதை எதற்கு ஒளிக்கிறார்கள்? தேடிக் கண்டுபிடித்துப் போவதில் பெரிய மனிதர்களுக்கு ஒரு பெருமை போலும். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தம்பியே வந்து கதவைத் திறந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு முடிச்சு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்ததும் சுருங்கியது.

"வாங்க" என்றான். எங்கள் வீட்டில் அண்ணனை யாரும் வாங்க போங்க என்று பேசியதில்லை. விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதையை அவன் கொடுத்தான்.

பிற்பகல் வேளை. இன்னும் ஆட்கள் வரத் தொடங்கவில்லை. உள்ளே பகலே தெரியாதபடி கனத்த திரைகள், மஞ்சள் விளக்குகள், கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக பாட்டில்கள். கால் வைத்த கிளாஸ்களை வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் விரித்திருந்த கம்பளத்தில் செருப்போடு நடக்கக் கூசி, நானும் அண்ணனும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டோம்.

கல்யாணச் சேதியைச் சொன்னேன். வந்த காரியத்தையும் சொன்னேன். தம்பி மது ஊற்றும் மேடைக்குப் பின்னால் போனான். ஒரு எவர்சில்வர் குவளையில் எதையெதையோ ஊற்றி, ஐஸ் போட்டு, மூடி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினான். கிளாஸில் வடித்து, ஆரஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகி அண்ணன் முன்னால் வைத்தான். சூரியன் சாய்கிற நேரத்து நிறம் அதற்கு. பிறகு இன்னொரு கிளாஸில் வெறும் தண்ணீரை ஊற்றித் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

அண்ணன் இரண்டு கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"தனித்தனியா வெச்சிட்ட. இதுக்கு மேல இன்னா கீது. வாம்மா போலாம்."

என் மகளின் கல்யாணம் அந்த இரண்டு கிளாஸுக்கு நடுவே நின்றது. இரண்டு பேரையும் அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது எனக்கு.

"நான் குடிக்கிறதில்லண்ணா" என்றான் தம்பி. "அப்பா போன நாள்லேர்ந்து தொட்டதில்ல. ஊத்துறதோட சரி."

அண்ணன் திரும்பவில்லை. கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார்.

"இங்க ஒரு பெரியவரு வர்றாருண்ணா" என்று தம்பி அவர் முதுகைப் பார்த்தே சொன்னான். "ரிட்டயரானவரு. அப்பாவுக்கு வந்த அதே சீக்கு. டாக்டர் வாணான்னு சொல்லிட்டாராம். தெனம் வந்து, கையி ஆடுது, கிளாஸ நீட்டுறாரு. வாணாங்கன்னு சொல்லணும்னு நெனைக்கிறேன். வாய் வர்றதில்ல. நான்தான் ஊத்துறேன்."

தம்பி ஒரு துணியை எடுத்து மேடையைத் துடைத்தான்.

"அவரு யாரோ. அவருக்கே என்னால முடியலண்ணா. உனக்கு அப்பாவாச்சே."

அண்ணன் திரும்பி வந்தார். உட்காரவில்லை. அந்த அழகான கிளாஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, தம்பியின் தண்ணீரை எடுத்தார். பாதி குடித்துவிட்டு நீட்டினார். தம்பி இரண்டு கையாலும் வாங்கி மிச்சத்தைக் குடித்தான். நான் வாய்விட்டு அழுதேன். இத்தனை காலம் அண்ணன் 'கொன்னுட்ட' என்ற அந்தச் சொல்லைத் தனியாகச் சுமந்து கொண்டிருந்திருக்கிறார், அவருக்காக நான் ஒரு நாள்கூட அழுததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். முதல் ஆள் வந்துவிட்டார் போல. தம்பி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்து முடிச்சைச் சரிசெய்தான்.

"அந்தப் பெரியவரு இன்னிக்கும் வருவாராடா?" என்று கேட்டார் அண்ணன்.

"வருவாருண்ணா."

அண்ணன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கொஞ்சமா ஊத்துடா" என்றார்.