ரத்தினசாமியின் துண்டுச்சீட்டுகள்

சீட்டை நான்காக மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார் ரத்தினசாமி. அவர் நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஆறடி கூட இல்லை. எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டு சீட்டைப் பிரிக்கிறேன். "டீ குடிக்கப் போறனுங்க. நீங்களும் வாங்க." நிமிர்ந்தால் நாற்காலி காலி. செருப்பை மாட்டிக்கொண்டு நான் மாடிப்படி இறங்கும்போது, மனிதர் தனியாகக் குடித்து முடித்துவிட்டு ஏறி வருகிறார். வாரத்தில் நான்கு நாளாவது இப்படி நடக்கிறது.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். ஏழு பேர், ஐந்து கம்ப்யூட்டர். ரத்தினசாமி ப்ரோக்ராம் எழுதுகிறார். அதை எப்படி இயக்குவது என்று கன்னடத்தில் கையேடு எழுதுவது என் பிழைப்பு. பிரிண்டர் காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் துளை துளையாக ஒரு பட்டை வருமே, அதைக் கிழித்து எறியாமல் மிச்சம் பிடிப்பவர் அவர் ஒருவர்தான். சீட்டெல்லாம் அதில்தான். டெலிபோன் மணி அடித்தால் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். யாராவது எடுத்து மணி நின்ற பிறகுதான் விரல்கள் திரும்ப மேலே வரும்.

கொள்ளேகால் பக்கத்து ஆள். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. விஜயநகரில் ஒரு மாடி அறையில் இருக்கிறார். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்கப் போனேன். சாத்தியிருந்த கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "காய்ச்சல். உள்ளேதான் இருக்கேன்." யார் வருவார்கள் என்று நினைத்து அதை ஒட்டினாரோ தெரியவில்லை. மூன்று நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. கீழ்வீட்டு மல்லம்மா என்னைப் படியில் நிறுத்தி, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "மோட்டார் போடச் சொல்றதுக்கும் சீட்டுதான் ரீ, பால் பைக்குள்ள போட்டுட்டுப் போய்டுவார். அவருக்குப் பேச்சே வராதுன்னு ஆறு மாசம் நெனச்சிட்டிருந்தேன். பேசுவாரா?"

பேசுவார். ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் நன்றாகவே பேசுவார். ஒரே ப்ரோக்ராமுக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் தனித்தனியாக ஓடும். ஒவ்வொன்றையும் த்ரெட் என்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் போதும், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"திரையில எழுதறதுக்குன்னு ஒரே ஒரு த்ரெட்டுதானுங்க இருக்குது. பின்னால வேல செய்யற மத்ததெல்லாம் திரையில கை வைக்கவே கூடாது. சேதிய எழுதி அதோட வரிசையில போட்டுப்போட்டு, தன் வேலையப் பாக்கப் போயிரோணும். அதுக்குக் கை ஒழியறப்ப அதுவே எடுத்துப் படிச்சு எழுதிக்கும். அவசரப்பட்டு நேரா கை வெச்சா, ஆயிரம் தடவ ஒண்ணும் ஆகாதுங்க. ஆயிரத்தி ஒண்ணாவது தடவ எல்லாம் நின்னுபோயிரும்."

புதிதாகச் சேர்ந்த வைஷாலி ஒருமுறை அப்படி நேராக எழுதிவிட்டாள். "கை வைக்காதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். பிறகு அன்று மாலையே வைஷாலியின் மேசையில் ஒரு சீட்டு இருந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார்.

சாமராஜநகர் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்கு இந்த வருஷம் நாங்கள் ஒரு ப்ரோக்ராம் செய்து கொடுத்தோம். பால் டேங்கின் சூடு எத்தனை டிகிரி என்று திரையில் காட்டும். காலை ஷிஃப்டில் மாரக்காள் என்ற தற்காலிக ஊழியர், அரை மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். முன்பெல்லாம் டேங்க்மேல் ஏணி சாத்தி டயலைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் ஏணியை மூலையில் வைத்துவிட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு காலை அங்கே கரண்ட் போய் வந்தது. குளிரூட்டும் மெஷின் திரும்ப ஓடவில்லை. திரையோ பேட்டரியில் இருந்தபடி நான்கு டிகிரி, நான்கு டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. மதியம் டேங்கைத் திறந்தபோது மூவாயிரம் லிட்டர் பாலும் திரிந்துபோயிருந்தது. மாரக்காளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு, வியாழக்கிழமை விசாரணை என்றார்கள்.

அவள் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். "அண்ணா, நான் எந்திரிச்சுக்கூடப் போகலீங்க. திரையில நாலுன்னுதான் இருந்துச்சு, நாலுன்னு எழுதுனேன். கரண்ட் வந்ததும், புதுசாக் காட்டற பட்டன அமுக்கியும் பாத்தனுங்க. தானா மாறும், காத்திருன்னு உங்க பொஸ்தகத்துல போட்டிருந்துச்சு, காத்துட்டிருந்தேன். தூங்கிட்டுப் பொய்க்கணக்கு எழுதிட்டேன்னு சொல்றாங்க."

அந்த வரி நான் எழுதியது. 'எண்கள் தாமாகவே மாறும், காத்திருக்கவும்.' எழுதிய அன்று அதன் நயத்தை நானே மெச்சிக்கொண்டேன். போனை வைத்தேன். அவள் சொன்னதை ரத்தினசாமியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கை மடியிலேயே இருந்தது.

மறுநாள் மாலை நான்கு மணிக்குச் சீட்டு வந்தது: "வந்து பாருங்க." அவர் திரையிலும் அதே நான்கு அசையாமல் நின்றது. சோதனை செய்த நாட்களில், பின்னால் வேலை செய்யும் த்ரெட்டிலிருந்து நேராகத் திரையில் எழுதும்படி ஒரே ஒரு வரி போட்டிருக்கிறார். மற்றவர்களை எதற்காகத் திட்டுவாரோ அதே காரியம்.

"சும்மா, சட்டுனு பாக்கறதுக்காகப் போட்டனுங்க. எடுக்க மறந்துட்டேன். அந்தப் பொண்ணு பட்டன அமுக்குன நேரம், பின்னால இருக்கற த்ரெட்டு சூட்டப் படிச்சு முடிக்கட்டும்னு திரை நின்னுருச்சு. பின்னால இருக்கறது, திரை எடம் கொடுக்கட்டும்னு நின்னுருச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு காத்துட்டே நின்னுருக்குதுங்க."

அன்றே முதலாளி உமேஷின் மேசைக்குக் கன்னடத்தில் ஒரு சீட்டுப் போனது. நான் படித்தேன், எனக்குப் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் மடித்தார். "தப்பு என் ப்ரோக்ராமில். அந்தப் பெண் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். விசாரணைக்குத் தெரிவிக்க வேண்டும்." பதில் இல்லை. உமேஷோ, எல்லாம் கரண்ட் கோளாறு என்று நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக எங்களிடம் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நிலையங்களின் ஆர்டர் வர வேண்டியிருந்தது. செவ்வாயன்று இரண்டாவது சீட்டு, புதனன்று மூன்றாவது.

"நேரே போய்ச் சொல்லுங்களேன்" என்றேன், கோபமாகவே.

"போட்டாச்சுங்க. அவரு எடுக்கோணும்."

"எடுக்காவிட்டால்? அவள் வேலை போய்விடும்."

அவர் காகிதப் பட்டையின் துளைகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் என் வரியைப் பற்றி நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும், அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கே இருவரும் வந்துவிட்டோம். நான்காவது சீட்டை எடுத்துக்கொண்டு அவர் உமேஷின் அறைக்குள் போவது கண்ணாடி வழியே தெரிந்தது. மேசைமேல் நேற்றைய காபி டம்ளர் இருந்தது. அதன் அடியில், மரத்தில் கறை படாமலிருக்க, மூன்று சீட்டுகள். மூன்றும் நான்காக மடித்தது மடித்தபடியே இருந்தன. ஒருவர் கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. ரத்தினசாமி டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே, சீட்டுகளின்மேல், அதைத் திரும்ப வைத்தார்.

வெளியே வந்தவர் கையிலிருந்த சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன் நாற்காலிக்குப் போகவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் நின்றார். இத்தனை வருஷத்தில் என்னை ஒருமுறை கூடத் தொட்டறியாத மனிதர், என் தோளில் கை வைத்தார்.

"ஏனுங்க, எட்டரைக்கு சாமராஜநகர் பஸ் இருக்குதுங்க. வரீங்களா?"

கேட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கும்வரை அந்தக் கை என் தோளிலேயே இருந்தது.